சிவப்புக் கம்பி

வாரப் பத்திரிகை ஒன்றில் வந்து முடிந்த மர்மத் தொடர்கதை ஒன்றைச் சென்ற மாதம் ஒரே மூச்சில் படித்தேன். ஆசிரியர் இளைஞர். கை ஓடுகிறது, சம்பாஷணை தானாக வந்து விழுகிறது. கதை எங்கள் ஊர்ப் பக்கம் நடக்கிறது என்பதால் எனக்குச் சற்று அதிகப்படியான அக்கறையும் இருந்தது. சொல்லிவிட வேண்டும், திண்டுக்கல்லை அவர் கண்ணால் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். யாரோ தலைக்கு வைத்துப் படுக்கப் போட்ட திண்டு மாதிரி ஊர் நடுவே கிடக்கும் பாறை, பூட்டுப் பட்டறைகளில் அரம் ராவுகிற சத்தம், தோல் பதனிடும் இடங்களின் நெடி, சித்திரை வெயிலில் சிறுமலை சாம்பல் பூத்துத் தெரிவது எல்லாம் சரியாக வந்திருக்கின்றன. பெயரை நான் சொல்லப்போவதில்லை. நான் காட்டப்போகிற குறை அவருக்கு மட்டும் சொந்தமானதல்ல.

கதையின் உச்சகட்டம் ஊருக்கும் சிறுமலைக்கும் இடையே, வற்றிப்போன ஒரு கண்மாய்க் கரையில் நடக்கிறது. இரவு. மழை பெய்து ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. கதாநாயகன் கரையோரம் பதுங்கி இருக்கிறான். எதிரே பாறை மேலிருந்து வில்லன் ஒரு லேசர் கருவியைத் திருப்புகிறான். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பி மாதிரி ஒரு சிவப்புக் கோடு பொட்டலின் குறுக்கே நீண்டு வருகிறது. நாயகன் அதைப் பார்த்துவிட்டுக் குனிகிறான். கம்பி தலைக்கு மேலே போய்விடுகிறது.

இந்த இடத்தில் நான் பத்திரிகையை மூடி வைத்தேன்.

குனிந்து தப்பிய விஷயத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஒளி ஒரு விநாடியில் ஏறக்குறைய மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிறது. அது வருகிறது என்று தெரியும்போது அது வந்தாகிவிட்டது. மாட்டுவண்டிக்கு ஒதுங்குவதுபோல அதற்கு ஒதுங்க முடியாது. என்னை உறுத்தியது இதல்ல, அந்தக் கம்பி.

ஒரு வெளிச்சம் நமக்குத் தெரிய வேண்டுமானால் அது நம் கண்ணுக்குள் வந்து விழ வேண்டும். இதைவிடச் சாதாரணமான உண்மை கிடையாது. ஆனால் இதைவிடச் சுலபமாக மறந்துபோகிற உண்மையும் கிடையாது. எனக்கு முன்னால் குறுக்கே ஒரு ஒளிக்கதிர் போகிறது என்றால் அது வேறு எங்கேயோ போகிறது. என் கண்ணோடு அதற்கு ஒரு காரியமும் இல்லை. வழியில் ஏதோ ஒன்று, தூசியோ புகையோ பனித்துளியோ, அதை இடறி, அதில் ஒரு சிறு பங்கை என் பக்கம் தெறிக்க விட்டால்தான் அங்கே கதிர் இருப்பது எனக்குத் தெரியும். லேசர் கதிரின் விசேஷமே அது சிதறாமல், அகலாமல், பிடித்த வழியை விடாமல் போவது. பக்கவாட்டில் நிற்கிறவனுக்கு மற்ற வெளிச்சங்களைக் காட்டிலும் லேசர் பகிர்ந்துகொடுப்பது குறைவு என்றே சொல்ல வேண்டும். மழை கழுவிவிட்ட காற்றில் அந்த இளைஞர் சிவப்புக் கம்பியை நிறுத்தினாரே, அதைத் தாங்கிப் பிடிக்க அங்கே என்ன இருந்தது?

எங்கள் ஊர்ச் சினிமாக் கொட்டகைகளில் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அந்தக் காலத்தில் படம் பார்க்கப் போனால் பாதி நேரம் நான் தலைக்கு மேலேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்சுவரின் சிறு துவாரத்திலிருந்து புறப்பட்டு, விரிந்து, படபடவென்று துடித்துக்கொண்டு திரை வரைக்கும் போகும் அந்த வெள்ளைத் தூண்! அது அவ்வளவு பிரகாசமாகத் தெரிந்ததற்குக் காரணம் மெஷின் அல்ல. தரை டிக்கெட்டிலிருந்து கிளம்பிய பீடிப் புகை. அதிலும் திண்டுக்கல் புகையிலை ஊர். ஸ்பென்சர் கம்பெனி இங்கே தொழிற்சாலை வைத்துச் சுருட்டுச் செய்து கடல் கடந்து அனுப்பிய காலமும் உண்டு. வெளியூர்க்காரர்களைவிட எங்கள் ஜனங்கள் கொட்டகைக்குள் கொஞ்சம் தாராளமாகவே புகை விட்டார்கள் என்று எனக்கு ஒரு அபிப்பிராயம். பொது இடங்களில் புகை பிடிப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. இன்றைய தியேட்டரில் விளக்கு முன்னைவிடப் பிரகாசம். திரையில் படம் முன்னைவிடத் தெளிவு. ஆனால் தலைக்கு மேலே அந்தத் தூணைத் தேட வேண்டியிருக்கிறது. இருமல் குறைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆயினும் அந்தத் தூண் போனது போனதுதான்.

ஓட்டு வீட்டில் பிறந்து வளர்ந்த நம் பழைய கதாசிரியர்கள் இந்த விஷயத்தில் தவறியதே இல்லை. கண்ணாடி ஓடு வழியாகக் கூடத்தில் வெயில் சாய்கிற காட்சியை அவர்கள் எழுதினால் அதில் தூசி நிச்சயம் பறக்கும். அடுக்களைப் புகை வந்து சேர்ந்துகொள்ளும். குழந்தை கையை நீட்டி அதைப் பிடிக்கப் பார்க்கும். விஞ்ஞானம் படித்து அவர்கள் இப்படி எழுதவில்லை. தினமும் பார்த்தார்கள், எழுதினார்கள். இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். பழைய தமிழ் அளவைக் கணக்கில் அணுவுக்கு அடுத்த படியாகக் ‘கதிரெழு துகள்’ என்று ஒன்று வருகிறது. வெயில் கதிரில் எழுந்து தெரியும் தூசி. கண்ணுக்கு எட்டுகிற மிகச் சிறிய பொருள். மாணிக்கவாசகர் திருவண்டப் பகுதியில் கோடிக்கணக்கான அண்டங்களுக்கு உவமை தேடும்போது, வீட்டுக்குள் நுழைகிற வெயிலில் மிதக்கும் துகள்களிடம்தான் போகிறார். கதிரைச் சொன்ன மாத்திரத்தில் துகளையும் சொல்லிவிடுகிற மரபு நம்முடையது. அதை விட்டுவிட்டுத் துகளில்லாத கதிரை நாம் எங்கே கற்றோம் என்பதுதான் என் கேள்வி.

அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்டுவிட வேண்டும். “சுத்தமான காற்றிலும் லேசர் தெரிகிறதே! பச்சை லேசரை ராத்திரி வானத்தில் நீட்டினால் நட்சத்திரம் வரைக்கும் கோடு போட்டாற்போல் இருக்கிறதே!” என்று ஒரு கல்லூரி மாணவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி.

ஜான் டிண்டால் என்ற அயர்லாந்து விஞ்ஞானி 1860-களின் கடைசியில் லண்டனில் ஒரு பரீட்சை செய்தார். இருட்டறையில் ஒரு பலமான ஒளிக்கற்றையைச் செலுத்தினார். காற்றில் இருந்த தூசியால் கற்றை பளிச்சென்று தெரிந்தது. பிறகு அதன் கீழே ஒரு சுடரைப் பிடித்தார். சுடருக்கு மேலே கற்றைக்குள் கரும்புகை மாதிரி ஏதோ சுருண்டு சுருண்டு எழுந்தது. உண்மையில் அது புகை அல்ல. தூசி எரிந்துபோன வெறும் காற்று. இடறுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் ஒளி இருட்டாகத் தெரிந்தது! இந்த ஒரு காட்சிக்காகவே அந்த மனிதரைக் கவி என்று அழைக்க எனக்கு ஆசை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தூசியே இல்லாவிட்டாலும் காற்றின் அணுத்திரள்களே ஒளியைத் துளித்துளியாகச் சிதற அடிக்கின்றன என்று பின்னால் ராலே பிரபு காட்டினார். வானம் நீலமாக இருப்பது அதனால்தான். சிவப்பைவிட நீலமும் பச்சையும் அதிகம் சிதறும். 1928-ல் கல்கத்தாவில் நம் சி. வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே. எஸ். கிருஷ்ணனும் செய்த வேலையே இதுதானே! திரவங்களைத் தூசி போகச் சுத்தப்படுத்தி, அவற்றுக்குள் ஒளிக்கற்றையைச் செலுத்தி, பக்கவாட்டிலிருந்து பார்த்தார்கள். சுமார் 60 திரவங்களை அப்படிப் பார்த்தார்கள். கற்றையின் சுவடு மிக மங்கலாகத் தெரிந்தது. அந்த மங்கலான சுவட்டுக்குள் போன ஒளியின் நிறமல்லாத வேறு நிறமும் கொஞ்சம் கலந்திருந்தது. 1930-ல் கிடைத்த நோபல் பரிசு அதற்குத்தான். ஒரு ஒளிக்கற்றையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எவ்வளவு கஷ்டமான காரியம், எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆக, மாணவர் சொன்ன பச்சைக் கோடு உண்மை. சாதாரணப் பச்சை லேசரின் அலைநீளம் 532 நானோமீட்டர். சிவப்பு 650-ஐ ஒட்டி இருக்கும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்கு வைத்ததில் ஒரு பங்கு. சுத்தமான காற்று சிவப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பச்சையைச் சிதறடிக்கிறது. நம் கண்ணோ, பச்சைக்குச் சுமார் எட்டு மடங்கு அதிகமாக மசிகிறது. இரண்டையும் பெருக்கினால் 15 மடங்குக்கு மேல் வருகிறது. கண் இருட்டில் பழகிவிட்டால் வித்தியாசம் இன்னும் அதிகம். கருவியைப் பிடித்திருப்பவன் கதிரின் போக்கிலேயே பார்க்கிறான். நெடுந்தூரக் காற்று முழுவதும் அவன் பார்வைக் கோட்டில் அடுக்கப்பட்டிருக்கிறது. அவனுக்குக் கோடு நன்றாகத் தெரியும். நூறு அடி தள்ளிப் பக்கவாட்டில் நிற்கிறவனுக்கு அவ்வளவு தெரியாது. எங்கள் இளைஞர் கம்பியைப் பச்சையாக்கி, அதை வில்லன் பார்க்கிறான் என்று எழுதியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருப்பேன். அவர் சிவப்பாக்கினார், நாயகனைப் பார்க்க வைத்தார்.

ஏன் சிவப்பு? ரத்தம் சிவப்பு என்பதனாலா? அதுவும் இருக்கலாம். முக்கியமான காரணம் சினிமா.

மைமன் என்பவர் அமெரிக்காவில் முதல் லேசரை எரியவிட்டது 1960-ல். நான்கே வருஷத்தில், 1964-ல், ‘கோல்ட்ஃபிங்கர்’ படம் வந்தது. ஜேம்ஸ் பாண்டை ஒரு மேஜையில் கட்டிப் போட்டு, மேஜையைப் பிளந்துகொண்டு சிவப்புக் கதிர் அவனை நோக்கி ஊர்ந்து வரும் அந்தக் கட்டத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. இயான் ஃபிளெமிங் 1959-ல் எழுதிய மூல நாவலில் அந்த இடத்தில் இருந்தது வட்ட ரம்பம். படக்காரர்கள் அதைப் பழைய சரக்கு என்று தள்ளிவிட்டு லேசரைக் கொண்டுவந்தார்கள். அப்புறம்தான் சங்கடம். ஸ்டூடியோவின் பிரம்மாண்டமான விளக்குகளுக்கு நடுவே எந்த லேசரும் கோடாகத் தெரியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? மேஜைக்கு அடியில் ஒரு ஆளை உட்கார வைத்து, கேஸ் வெல்டிங் சுடரால் தகட்டை உருக்க வைத்தார்கள். சிவப்புக் கோட்டைப் பிற்பாடு பிலிமில் சேர்த்தார்கள். உலகம் முழுவதும் லேசர் என்று மனத்தில் பதிந்துபோன உருவம், மேலே ஒரு சித்திரக்காரன், கீழே ஒரு வெல்டிங்காரன்!

வேடிக்கை என்னவென்றால், அதே 1964-ல் பெல் ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டவரான குமார் படேல் கரியமில வாயு லேசரைக் கண்டுபிடித்தார். பிற்பாடு தொழிற்சாலைகளில் பொருள்களை வெட்டும் வேலைக்கு வந்தது அந்த லேசர். அதன் கதிர் மனிதக் கண்ணுக்கு அறவே தெரியாது. எவ்வளவு புகை போட்டாலும் தெரியாது. அகச்சிவப்பு. இன்று பட்டறைகளில் இரும்புத் தகடு வெட்டும் லேசர்களும் அப்படித்தான். பொறி பறப்பது தெரியும். வெட்டுகிற கத்தி தெரியாது. சிறு கைலேசரின் சிவப்பு கண்ணில் பட்டால் கால் விநாடியில் இமை மூடிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு இமை மூடுவதில்லை. இமைக்கு யார் போய்ச் சொல்வது? தெரியவில்லையென்றால் ஆபத்தில்லை என்று ஒரு பையன் கதை படித்துக் கற்றுக்கொண்டு பட்டறை வேலைக்குப் போனானானால், அந்தப் பாடத்தை அவனுக்குக் கற்பித்ததில் நமக்கும் பங்கு உண்டு.

படக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேறு வழி இல்லை. திரையில் தெரியாதது திரையில் இல்லை. தெரியாத கதிரை ஐந்து நிமிஷம் காட்டினால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள். அது அவர்களுடைய நெருக்கடி. எழுத்தாளனுக்கு அந்த நெருக்கடி எங்கிருந்து வந்தது? அவன் கையில் காமிரா இல்லை. கண்ணுக்குத் தெரியாததை எழுதுவதற்கென்றே ஏற்பட்ட கருவியல்லவா அவன் கையில் இருப்பது? பயம், சந்தேகம், மனசாட்சி இவற்றையெல்லாம் தெரியாமலேயே தெரிய வைக்கிறவன், ஒரு கதிரைக் கம்பியாக வார்த்துக் காட்டினால்தான் வாசகன் நம்புவான் என்று ஏன் நினைக்க வேண்டும்?

எச். ஜி. வெல்ஸ் அப்படி நினைக்கவில்லை. 1898-ல் புத்தகமாக வந்த ‘உலகங்களின் யுத்தம்’ என்ற அவருடைய நாவலில் செவ்வாய் கிரகத்துப் பிராணிகள் வெப்பக் கதிரால் மனிதர்களை எரிக்கின்றன. லேசருக்கு 62 வருஷம் முந்திய கற்பனை. வெள்ளைக்கொடி பிடித்துச் சமாதானம் பேசப் போகிறது ஒரு கூட்டம். பள்ளத்திலிருந்து ஏதோ எழும்புகிறது, ஒளிக்கற்றையின் நிழலோ என்று சொல்லும்படி ஒரு மினுக்கு, அவ்வளவுதான். அடுத்த கணம் மனிதர்கள் வரிசையாகத் தீப்பற்றி விழுகிறார்கள். கதை சொல்கிறவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கதிர் தன் பக்கம் திரும்புகிறது என்பது அவனுக்கு எப்படித் தெரிகிறது? வழியில் உள்ள புதர்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு வருவதை வைத்துத் தெரிகிறது. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு முதுகு சில்லிட்டுப் போகிறது. அதே நாவலை 1953-ல் படமாக எடுத்தார்கள். கதிர் கண்ணுக்குத் தெரிகிறது, நெருப்பாய்ச் சீறுகிறது, நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். என் முதுகு மட்டும் சும்மா இருந்தது.

“கதைக்குக் கால் உண்டா? இவ்வளவு கறாராகப் பார்த்தால் எப்படி?” என்று கேட்கலாம். விக்கிரமாதித்தன் கதையில் பதுமை பேசுகிறது, நான் ஆட்சேபித்ததுண்டா? அங்கே முதல் வரியிலேயே உடன்படிக்கை ஆகிவிடுகிறது. எங்கள் இளைஞர் செய்துகொண்ட உடன்படிக்கை வேறு. அரம் ராவும் சத்தத்தையும் தோல் நெடியையும் காட்டி, “இது மெய்யான ஊர், மெய்யான ஆட்கள், என்னை நம்புங்கள்” என்று என்னைக் கைபிடித்து அழைத்துப் போனார். நானும் நம்பித்தான் கண்மாய்க் கரை வரைக்கும் போனேன். அங்கே போனதும் ஊரை விட்டுவிட்டுச் சினிமாத் திரைக்குள் புகுந்துகொண்டார். கம்பி பொய் என்பதோடு போகவில்லை. பதினெட்டு அத்தியாயம் கட்டிய ஊரும் அட்டையாகிவிட்டது.

லேசரை மெய்யாகவே கையாளுகிறவர்களைக் கேட்டிருந்தால் போதும். சென்ற ஆண்டு ஆடி மாதம் பக்கத்துக் கிராமத்துத் திருவிழாவில் லைட் போட வந்த ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்தேன். பச்சையும் நீலமுமாகக் கதிர்கள் விசிறி மாதிரி விரிந்துகொண்டிருந்தன. மேடைக்கு அடியில் ஒரு மெஷின் ஓயாமல் புகை கக்கிக்கொண்டிருந்தது. “இது எதுக்கு தம்பி?” என்றேன். “புகை போடலேன்னா ஒண்ணும் தெரியாதுங்க சார். லைட் வாடகை பாதி, புகை வாடகை பாதி” என்றான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆடிக் காற்று ஒரு வீச்சு வீசியது. புகை அத்தனையும் மேற்கிலிருந்து கிழக்கே போய்விட்டது. விசிறியைக் காணோம்! எதிரே ஆலமர இலைகளின் மேல் பச்சைப் புள்ளிகள் மட்டும் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடிக்கொண்டிருந்தன. “காத்து அடிச்சா நம்ம பொழப்பு போச்சு சார்” என்று அவன் மெஷினைத் தூக்கிக்கொண்டு காற்றுக்கு மேற்பக்கமாக ஓடினான்.

அந்தப் புள்ளிகள்தான் விஷயம். கண்மாய்க் கரையில் நாயகனுக்கு உண்மையில் தெரியக்கூடியது கம்பி அல்ல, ஒரு புள்ளி. பக்கத்துக் கருவேல மரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. அது மெள்ள இறங்கிக் கரைமேல் ஊர்கிறது; அவன் செருப்பில் ஏறுகிறது; வேட்டியில் ஏறுகிறது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. இருட்டில் எந்தப் பாறை, எந்தப் பனை என்று தெரியவில்லை. அந்தச் சிவப்புக் கம்பி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே எதிராளி இருக்குமிடத்துக்குப் போய்விடலாம். வில்லன் தன் விலாசத்தை வானத்தில் எழுதி அனுப்பின மாதிரி. கம்பியை எடுத்துவிட்டால்தான் நாயகன் தனியாக நிற்கிறான்.

நாயகனுக்கு எதிராளியைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் விரும்பினால் அதற்கும் எங்கள் சீமையில் வழி இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிறவர்கள் பார்த்திருப்பார்கள். கீழே சமவெளி ரோட்டில் காரின் விளக்கு எதிரே உள்ள புளியமரத்தில்தான் தெரியும். நடுவழியில் ஒன்றும் இருக்காது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மேகத்துக்குள் நுழைந்ததும் இரண்டு வெள்ளை உருளைகள் காருக்கு முன்னால் முளைக்கும். கார் மாறவில்லை, காற்று மாறிவிட்டது. ராஜமையரும் சி. சு. செல்லப்பாவும் நடமாடிய வத்தலக்குண்டு மண்ணில் கதை எழுதக் கற்றுக்கொள்கிறவருக்கு அந்த மலை ரோடு ஒரு பள்ளிக்கூடம் மாதிரி.

மலைக்குப் போக வேண்டுமென்றுகூட இல்லை. மழையை எடுத்துவிட்டு அந்த அத்தியாயத்தைப் பங்குனியில் வைக்கட்டும். நடுராத்திரியை விட்டு, விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து வைக்கட்டும். மேய்ச்சல் முடிந்து பிந்தி வருகிற ஒரு ஆட்டு மந்தை கண்மாய்க்குள் இறங்கட்டும். நானூறு குளம்புகள் கிளப்புகிற செம்மண் புழுதியில், நாயகனுக்கும் பாறைக்கும் நடுவே, கதிர் அரை நிமிஷம் தெரியும். முழுவதுமாகக்கூட வேண்டாம், புழுதி இருக்கிற நீளத்துக்கு மட்டும் ஒரு சிவப்புத் துண்டு. அது சாய்ந்திருக்கிற சாய்வை வைத்து ஆளை அவன் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மந்தை போய்ப் புழுதி அடங்குவதற்குள் கணக்கு முடிய வேண்டும். அதற்கு எத்தனை நேரம் கிடைக்கும் என்பதை ஆசிரியர் ஒரு மாலை சிறுமலை அடிவாரத்துக்கு வந்து, கைக்கடிகாரத்தோடு நின்று பார்த்துக்கொள்ளலாம். வருவதாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதட்டும், நானும் வருகிறேன்.